குட்டைச் சுவரும் வெளிப் பஞ்சும்

எங்கள் வீட்டில் சோற்றில் முடி கிடந்தால்தான் சண்டை வரும். பஞ்சு கிடந்தால் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் சாப்பிடுவோம். போடி பஜாரில் முன்பக்கம் இலவம் பஞ்சுக் கடை, பின்பக்கம் வீடு என்று இருந்தால் அப்படித்தான். என் கணவருக்கு அது அப்பா வழியில் வந்த தொழில். கடவுள் உண்டா என்பதில்கூட அவருக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்; பஞ்சு விஷயத்தில் வந்ததே இல்லை. மூட்டையைப் பிரித்தால் ஒரு சிட்டிகை எடுப்பார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார், கண்ணை மூடிக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார், பிறகு உள்ளங்கையில் வைத்து ஊதுவார். அதன் பிறகு அவர் தரத்தைச் சொன்னால் சொன்னதுதான். எங்கள் மகள் நடை பழகிய வயதில் கடைக்குள் உட்கார்ந்து அதையேதான் செய்துகொண்டிருப்பாள்.

அந்த மகளுக்கு ஏழாம் மாதம். உத்தமபாளையத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். அங்கே வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்கு நாங்கள் இங்கே அழைத்து வர வேண்டும். அது எங்களில் எல்லோருக்கும் தெரிந்த முறை, இதில் பேச ஒன்றுமில்லை என்று நான் நினைத்திருந்தேன். பங்குனி மாதம் ஒரு நாள் போனில் மெல்ல ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. போடி வீட்டு மாடி ரூம்ல மனுசன் இருக்க முடியாது. போன கோடையில வந்து இருந்ததுக்கே முதுகெல்லாம் வேர்க்குரு. இங்கன அத்தை ஏசி ரூமை எனக்குன்னு ஒழிச்சுக் குடுத்துட்டாக. பிரசவத்தையும் இங்கனயே வச்சுக்கிறேனே."

சம்பந்தியம்மாள் கெட்டவளாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பேன். அவரோ தங்கமான மனுஷி. அதனாலேயே எனக்கு வயிறு எரிந்தது.

என்னுடைய கதை வேறு. என் கல்யாணத்துக்கு முன்பே என் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குத் தலைப்பிரசவம் இந்த வீட்டில்தான். மாமியார் வேளாவேளைக்கு எல்லாம் செய்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை பெற்ற உடம்போடு படுத்துக்கொண்டு, "எனக்குப் பசிக்குது, இன்னும் கொஞ்சம் போடு" என்று அதட்டிக் கேட்க எனக்கு ஆள் இல்லை. என் மகள் என்னை அதட்ட வேண்டும் என்று அவள் பிறந்த அன்றைக்கே ஆசைப்பட்டுவிட்டேன். அவள் உத்தமபாளையத்தில் மாமியாரிடம் மரியாதையாகப் பசித்துக் கிடப்பாளே என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மாடி ரூம் என்று மகள் சொன்னாளே. அது மொட்டை மாடியில் கட்டியது அல்ல. ஓட்டுக் கூரைக்கு அடியில், முன்னே பஞ்சு மூட்டை அடுக்கி வைத்திருந்த இடம். மகள் கல்யாணத்தின்போது அதற்குத் தரை போட்டு, மேலே ஃபால்ஸ் சீலிங் அடித்து, அறையாக்கினோம். கூரை இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிறது அல்லவா, தலை இடிக்கிற இடம் வந்ததும் என் இடுப்பு உயரத்துக்குப் பலகையால் ஒரு குட்டைச் சுவர் வைத்து இரண்டு பக்கமும் மறைத்துவிட்டார்கள். சுவருக்குப் பின்னால் ஓடு வந்து தரையைத் தொடுகிற வரைக்கும் ஒரு முக்கோணச் சந்து. அதற்குள் போக ஒரு பக்கம் சின்னக் கதவு. வேண்டாத அண்டா குண்டா எல்லாம் அங்கே கிடந்தன.

கீழே படுக்க வைக்கலாம் என்றால் அங்கே இருப்பது ஒரே அறை. அதற்கும் கடைக்கும் நடுவில் ஒரு திரைதான். பிள்ளை பெற்றவளைப் பஞ்சு பறக்கிற இடத்தில் கிடத்த முடியுமா? ஆக, மாடி ரூமை விட்டால் வேறு கதி இல்லை.

அதில் ஏசியும் இருந்தது. அது பாட்டுக்கு ஓடும், அறை பாட்டுக்கு வேகும். ஏசிக்காரர் வந்து கேஸ் அடைத்தார், கழுவினார், தட்டினார், அவருக்கே வேர்த்துவிட்டது, போய்விட்டார். ஒரு நாள் மத்தியானம் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த நான், முதுகு வலிக்கிறதே என்று குட்டைச் சுவரில் சாய்ந்தேன். சாய்ந்த வேகத்தில் எழுந்தேன். தோசைக்கல்லில் சாய்ந்த மாதிரி இருந்தது. சின்னக் கதவைத் திறந்து தலையை விட்டால் அடுப்பு வாய். மேலே ஏசி குளிரைக் கொட்டுகிறது, இரண்டு பக்கத்திலும் இந்தச் சுவர்கள் சூட்டைக் கொட்டுகின்றன. விஷயம் பிடிபட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். திருடனைப் பிடித்துவிட்டேன், இனி கட்டிப்போட வேண்டியதுதான்.

சீலிங் போட்டவரை வரச் சொன்னேன். குமுளிப் பக்கம் எஸ்டேட் பங்களாக்களில் வேலை பார்த்தவர் அவர். எதைச் சொன்னாலும் "சரியாக்காம்" என்று மலையாளத்தில் பதில் வரும், சரி பண்ணிவிடலாம் என்று அர்த்தம். அவர் சரியாக்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

"மேல வெள்ளி ஷீட்டெல்லாம் போட்டீகளே, இந்தச் சைடு சுவருக்கு என்ன போட்டீக?" என்று கேட்டேன்.

"சைடுல சுவருதானக்கா. அதுல ஆளா குடியிருக்கப் போறாகன்னு விட்டுட்டேன்."

"ஆளு இந்தப் பக்கம் குடியிருக்கே?"

"சரியாக்காம். ரெண்டு சுவத்துக்கும் பின்னாடி கிளாஸ் வுல் வச்சு அடிச்சா முடிஞ்சு போச்சு."

அதுவரை சும்மா நின்ற என் கணவர், "அது என்னது?" என்றார்.

"கண்ணாடிப் பஞ்சு முதலாளி. சுருள் சுருளா ஹார்டுவேர் கடையில கிடைக்கும்."

அவ்வளவுதான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பஞ்சுக் கடைக்காரர் வீட்டுக்கு ஹார்டுவேர் கடையிலிருந்து பஞ்சு வருவதா?

"பஜார்ல நான் தலை காட்ட வேண்டாமா?" என்றார். "நம்ம மெத்தையில சூடு ஏறுமா? இலவம் பஞ்சை மிஞ்சி எவன் பஞ்சு வச்சிருக்கான்? நாலு மூட்டை கொட்டி அடைச்சா ஊட்டி மாதிரி இருக்கும்."

"உள்ள கரண்டு வயர் ஓடுது முதலாளி" என்று சீலிங்காரர் தலையைச் சொறிந்தார்.

"அது பைப்புக்குள்ளதான ஓடுது?"

"பைப்புக்குள்ளதான்" என்று சீலிங்காரர் சொன்னார். அவர் அதை எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, ஏசியைப் பார்த்துச் சொன்னார். நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கடை வாசல்ல ஒருத்தன் பீடி பத்த வச்சா தெரு முனை வரைக்கும் துரத்துற மனுசன், மக தலைமாட்டுல பஞ்சை அடைக்கப் போறீகளா? சரி, அடைக்கிறதுதான் அடைக்கிறீக, மெத்தை மாதிரி உறையாவது தச்சு அடைங்க" என்றேன்.

"சீசன் நேரம். தைக்கிறவருக்கு மூச்சு விட நேரம் இல்ல. சுவருக்குள்ள கிடக்குறதுக்கு உறை எதுக்கு, அது என்ன கல்யாணத்துக்கா போகுது?"

அடைத்தார். நல்ல பஞ்சாகத்தான் பார்த்து அடைத்தார், அதைச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் வந்த முதல் பஞ்சு, விதை எடுத்து, அடித்து, உப்பிக்கிடந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொட்டினார். சுவருக்கு எதற்கு முதல் தரம் என்று கேட்டேன். "மக ரூமு" என்று மட்டும் சொன்னார்.

ஏசியைப் போட்டுப் பார்த்தால், நிஜமாகவே குளிர்ந்தது. குட்டைச் சுவரில் நான் முதுகை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே மனசில்லை. என் கணவர் நாலு நாள் பஜாரில் யாரைப் பார்த்தாலும் இதையேதான் சொன்னார். எதிர்க் கடைக்கு ஏலக்காய் விற்க வந்த கேரளாக்காரர் ஒருவரைக்கூட மாடிக்கு அழைத்துப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

நான் மகளுக்குப் போன் போட்டேன். ஒரு நாள் வந்து படுத்துப் பார், பிடிக்கவில்லை என்றால் நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன். அவளும் சம்பந்தியம்மாளும் சித்திரையில் ஒரு மத்தியானம் காரில் வந்து இறங்கினார்கள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் மாடிக்குப் போனோம். மகள் கட்டிலில் சாய்ந்தாள். சம்பந்தியம்மாள் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "குளுகுளுன்னு இருக்கே மதினி" என்றார் என்னிடம். "எங்க வீட்டு ஏசிகூட இப்படி இல்ல." என் கணவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் எல்லோருக்கும் பருத்திப்பால் ஆற்றிக் கொடுத்தேன். மகள் கண்ணை மூடியபடி, "அம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கோடை மழைக்கு முன்னால் எங்கள் ஊரில் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். சொல்லிவிட்டு வராது. முதலில் கரண்டு போனது. அடுத்து கூரையில் ஓடுகள் கடகடவென்று ஆடின. ஓட்டு விளிம்பில் இறவாரச் சந்தில் காற்று நுழைந்ததை நான் காதால் கேட்டேன். பிறகு குட்டைச் சுவருக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருந்த இடுக்கில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. சுவிட்ச் போர்டைச் சுற்றி எட்டிப் பார்த்தது. என் கணவர் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதற்குள் சின்னக் கதவு படாரென்று திறந்துகொண்டது.

அதற்கப்புறம் யாருக்கும் யாரும் தெரியவில்லை. அறை முழுக்கப் பஞ்சு. என் கணவர் ஓடிப் போய் சின்னக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். பஞ்சு அவர் காலுக்கு நடுவில் வந்தது. பருத்திப்பால் டம்ளர்களில் ஆடை கட்டியது. சம்பந்தியம்மாள் பாவம், தும்முகிறார், தும்மிய காற்றில் எதிரே இருக்கும் பஞ்சு கிளம்பி மறுபடி அவர் மூக்குக்கே வருகிறது. கொஞ்சம் அடங்கியதும் பார்த்தால், தலைக்குச் சாயம் போட்டு வந்திருந்த அம்மாள் முழுக்க நரைத்துக் கிழவியாக உட்கார்ந்திருந்தார். அதே நேரம் கீழே தெருவிலிருந்து ஒருத்தர் கத்தினார்: "முதலாளி, உங்க வீட்டு ஓட்டுக்குள்ளருந்து சரக்கு போகுது, பாத்துக்கோங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகளும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, பச்சப்புள்ள மூக்குல போச்சுன்னா?" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கிளம்பும்போது சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல வச்சுக்காதீக மதினி. நம்ம வீட்லயே வச்சுப் பாத்துக்குவோம். நீங்க வந்து எத்தன நாள் வேணாலும் இருங்க" என்றார். அவர் புருவத்தில் இன்னும் பஞ்சு இருந்தது. இந்த நிலையிலும் நல்லவராக இருக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் என் கணவர் தனியாக மாடிக்குப் போய், சந்துக்குள் தவழ்ந்து, மிச்சப் பஞ்சை வாரி மூட்டையில் திணித்தார். வெகு நேரம் சத்தமே இல்லை. என்ன ஆயிற்றோ என்று நான் போய் எட்டிப் பார்த்தேன். டார்ச் அடித்து ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயர் பைப்புக்குள்தான் ஓடியது. ஏசிக்குப் பிரிகிற இடத்தில் மட்டும் பைப் இல்லை. இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டிருந்தார் நம் சரியாக்காம். டேப் பாதி உரிந்து கிடந்தது. அதைச் சுற்றி முதல் தரப் பஞ்சு.

என் வாழ்க்கையில் சொல்வதற்கு விஷயம் இருந்தும் நான் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். கடையில் என்னை உட்காரச் சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை. பஜார் நன்றாகக் கூடிய நேரத்தில் திரும்பி வந்தார். மொபெட்டில் முன்னால் இரண்டு சுருள், பின்னால் இரண்டு சுருள், நடுவில் அவர் தலை மட்டும் தெரிந்தது. ஆட்டோவில் ஏற்றி மூடிக் கொண்டு வந்திருக்கலாம். கொல்லைப் பக்கமாக வந்திருக்கலாம். நேராக பஜார் நடுவிலேயே வந்தார்.

எதிர்க் கடை ஏலக்காய் வியாபாரிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். "என்ன முதலாளி, வெளிப் பஞ்சு வாங்கியிருக்கீக போல? நம்ம சரக்கு தீந்துபோச்சா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஆமாப்பா, வெளிப் பஞ்சுதான்" என்று இவரும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே வந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

வயரை முதலில் ஒழுங்கு பண்ணு, என் கண் முன்னாலேயே பண்ணு என்று சீலிங்காரரை நிற்க வைத்து வேலை வாங்கினேன். "சரியாக்காம்" என்று அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் முறைத்தேன். அது முடிந்ததும் அவர் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு முதல் சுருளின் உறையைக் கிழித்தார். மஞ்சளாக, மெத்தென்று இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் அளவு எடுக்கத் திரும்பினார்.

பஞ்சு பிரித்த இடத்தில் என் கணவரால் சும்மா நிற்க முடியுமா? கை தானாகப் போனது. ஒரு சிட்டிகை எடுத்தார். விரலுக்கு நடுவில் தேய்த்தார். கண்ணை மூடினார்.

"முதலாளி, அது கண்ணாடி" என்று சீலிங்காரர் கத்திக்கொண்டு வருவதற்குள் கன்னத்தில் ஒற்றி, நன்றாக ஒரு தடவை தேய்த்தும் பார்த்துவிட்டார்.

"இழை நீளமாத்தான் இருக்கு" என்றார் கண்ணைத் திறந்து. "ஆனா உசுரு இல்ல."

உசுரு இருந்ததா இல்லையா என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. கன்னம் தடித்துச் சிவந்து, தொடவும் முடியாமல் சொறியவும் முடியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். தேங்காய் எண்ணெய் தடவினேன், இன்னும் எரிந்தது. தண்ணீரைக் கொட்டிக் கழுவினோம். டாக்டர் களிம்பு கொடுத்தார், எப்படி ஆனது என்று கேட்டார். இவர் கொசு என்றார். இவ்வளவு பெரிய கொசுவா என்று டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தப் பக்கம் வேலை முடிந்தது. இரண்டு குட்டைச் சுவருக்கும் பின்னால் சுருளை வைத்து, மேலே வெள்ளி ஷீட் போர்த்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, சின்னக் கதவின் முதுகிலும் ஒரு துண்டு வைத்து அடித்தார்கள். சுவருக்கு அடியில் தரையோரம் இருந்த இடுக்கையும் அடைத்தார்கள். அறை குளிர்ந்தது. ஆனால் மகளுக்குப் போன் போட எனக்கு முகம் இல்லை. வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே.

வளைகாப்பு வந்தது. நாங்கள் வளையல், சாதம் எல்லாம் எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனோம். என் கணவரின் அண்ணன் தம்பிகளும் வந்திருந்தார்கள். எல்லோரும் பஞ்சு வியாபாரிகள். மகள் இரண்டு கையும் நிறைய வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் சந்தனம் பூசி முடித்ததும், அழைத்துப் போகிற நேரம் வந்தது. கூப்பிட்டு, அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டால் இத்தனை பேருக்கு முன்னால் நான் எப்படிச் சிரித்துச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் எழுந்து சம்பந்தியம்மாளைப் பார்த்தார். "தங்கச்சி, ஒரு வார்த்தை. நம்ம பஞ்சையெல்லாம் எடுத்தாச்சு. இப்ப சுவத்துக்குள்ள இருக்குறது வெளியில வாங்குன கண்ணாடிப் பஞ்சு. நம்ம பஞ்சை விட அது இந்த வேலைக்கு நல்லாருக்கு. பறக்காது."

அவருடைய அண்ணன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். தம்பி சிரித்தார். இவர் யாரையும் பார்க்காமல் நின்றார்.

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தடிப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"அது என்னப்பா கன்னத்துல?"

"கொசு" என்றார்.

"கண்ணாடிப் பஞ்சைக் கன்னத்துல வச்சுப் பாத்தீகளாப்பா?"

அவள் வளையல் கையை எடுத்து அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனாள், வலிக்கும் என்று தொடாமல் வைத்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. என்னைப் பார்த்துத் திரும்பி, "இன்னும் என்னம்மா நின்னுக்கிட்டு இருக்க? பசிக்குது. என் பையை எடுத்து கார்ல வை, போவோம்" என்று அதட்டினாள்.

பையில் துணி அடுக்க வேண்டுமே என்று நான் அவசரமாக அவள் அறைக்குப் போனேன். பை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன், கனத்தது. ஏற்கெனவே எல்லாம் எடுத்து வைத்து, ஜிப்பை இழுத்து மூடியிருந்தாள்.